மடியிலிருந்து இருக்கைக்கு

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டிவிடுகிறோம். முகூர்த்த நாள் காலையில் அந்தச் சாலையோரம் நின்று, போகிற வருகிற கார்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஓட்டுகிறவர் பெல்ட் போட்டிருப்பார். பின் சீட்டில் மூன்று பேர் இடத்தில் ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கான பெல்ட்டின் பூட்டு சீட் கவருக்கு அடியில் எங்கோ புதைந்து கிடக்கும். முன் சீட்டில் அம்மா மடியிலோ தாத்தா மடியிலோ ஒரு குழந்தை, டாஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றி நின்றபடி வேடிக்கை பார்த்துக்கொண்டு போகும்.

இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழந்தைக்கு அதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று நம்பித்தான் மடியில் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் காது குத்துவதும் மடியில் வைத்துத்தான், முதல் சோறு ஊட்டுவதும் மடியில் வைத்துத்தான். ஓடுகிற காரில் மட்டும் மடி காப்பாற்றாது என்பது தெரியவர வெகுகாலம் ஆயிற்று. சீட் பெல்ட், ஏர்பேக், குழந்தை இருக்கை மூன்றும் பிறந்தது ஒரே கேள்வியிலிருந்துதான்: வண்டி மோதி நின்ற பிறகு, உள்ளே இருக்கிற உடம்பு என்ன ஆகிறது?

அதை ஊன்றிக் கேட்டவர்களில் முன்னோடி ஹியூ டீஹேவன். 1917 இல் விமானம் ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த இளைஞர். வானத்தில் இரண்டு விமானங்கள் மோதி விழுந்ததில் அவர் உயிர் தப்பினார், ஆனால் வயிற்றுக்குள் கல்லீரலும் கணையமும் கிழிந்துபோயிருந்தன. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. தன் வயிற்றைக் கிழித்தது தன்னைச் சீட்டோடு கட்டியிருந்த பெல்ட்டின் பக்கிள்தான். காக்க வந்த சாமான் தப்பான இடத்தில் இருந்ததால் காயம் செய்துவிட்டது. அதன் பிறகு அவர் விபத்துகளை விதி என்று பார்க்கவே இல்லை. சமையலறையில் முட்டைகளை ரப்பர் மெத்தைமேல் போட்டுப் பார்த்தார். ஐம்பதடி, நூறடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைத் தேடி ஆராய்ந்து, 1942 இல் ஒரு கட்டுரை எழுதினார். அடியைப் பரப்பிக் கொடுத்தால், நிற்கிற தூரத்தைக் கொஞ்சம் கூட்டினால், மனித உடம்பு நாம் நினைப்பதைவிட மிகப் பெரிய வேகத்தைத் தாங்கும் என்பது அவர் கண்டது.

எவ்வளவு தாங்கும் என்பதைத் தன் உடம்பிலேயே அளந்து காட்டியவர் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப். 1954 டிசம்பர் 10 அன்று, நியூ மெக்சிகோவில் தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தன்னைப் பட்டைகளால் கட்டிக்கொண்டு மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தில் போனார். வண்டி 1.4 விநாடியில் நின்றது. கண்ணில் இரத்தம் கட்டி, சிறிது நேரம் பார்வை தெரியவில்லை. ஆனால் உயிரோடு இறங்கினார். விமானப்படை வீரர்கள் விமானத்தில் சாவதற்குக் குறையாமல் கார் விபத்தில் சாகிறார்கள் என்பதைக் கணக்கெடுத்துச் சொன்னவரும் இவர்தான். கார்களில் பெல்ட் வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார்.

அப்போது கார்களில் பெல்ட் இல்லாமல் இல்லை. சில அமெரிக்கக் கார்களில் இடுப்பை மட்டும் சுற்றுகிற பட்டை இருந்தது. மோதும்போது மேல் உடம்பு அப்படியே முன்னால் மடங்கும், முகம் ஸ்டியரிங்கில் இடிக்கும், பட்டை வயிற்றில் ஏறும். டீஹேவனுக்கு 1917 இல் நடந்ததுதான் காரிலும் நடந்துகொண்டிருந்தது.

1958 இல் ஸ்வீடனின் வோல்வோ நிறுவனம் நீல்ஸ் போலின் என்ற பொறியாளரை வேலைக்கு எடுத்தது. அதற்கு முன் அவர் சாப் நிறுவனத்தில் போர் விமானங்களுக்கு, ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர். விமானிகளுக்கு நாலு முனைப் பட்டை கட்டிப் பழகிய கை. ஆனால் கார்க்காரர் வேறு மாதிரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விமானி உயிருக்காக எதையும் மாட்டிக்கொள்வார், காரில் போகிறவர் ஒரு நிமிடம்கூடச் சிரமப்பட மாட்டார் என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். அதனால் ஒரு கையால் மாட்ட முடிய வேண்டும், ஒரு கையால் கழற்ற முடிய வேண்டும் என்று எல்லை வகுத்துக்கொண்டார்.

அவர் செய்ததன் நுட்பம் இன்றும் நம் தோளில் இருக்கிறது, கவனித்திருக்க மாட்டோம். ஒரே பட்டை. ஒரு பகுதி இடுப்பெலும்பின் குறுக்காக, தொடைக்கு மேல் தாழ்வாகப் போகிறது. இன்னொரு பகுதி தோளிலிருந்து நெஞ்செலும்பின் மேல் சாய்வாக இறங்குகிறது. இரண்டும் சீட்டின் பக்கவாட்டில், கீழே, ஒரே பூட்டில் சேர்கின்றன. அவருக்கு முந்தைய சில வடிவங்களில் பூட்டு வயிற்றின் நடுவில் இருந்தது. அதை இடுப்புக்குப் பக்கத்தில் இறக்கியதுதான் பெரிய காரியம். உடம்பில் அடி தாங்கக்கூடிய இடங்கள் இடுப்பெலும்பு, தோள், நெஞ்சுக்கூடு. தாங்காத இடம் வயிறு. பட்டை எலும்பின் மேல் மட்டுமே படும்படி அவர் அமைத்தார். கர்ப்பிணிகள் பட்டையை வயிற்றுக்கு அடியில், தொடையை ஒட்டிப் போட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

1959 ஆகஸ்ட் 13 அன்று, அந்த மூன்று முனை பெல்ட் பொருத்திய முதல் கார் ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் ஊரில் ஒப்படைக்கப்பட்டது. 1962 இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. வோல்வோ அந்தக் காப்புரிமையைப் பூட்டி வைத்துக் காசு பார்த்திருக்கலாம். எந்தக் கார் கம்பெனி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. இன்று கும்பகோணத்து வாடகைக் காரில் இருப்பதும் அதே வடிவம்தான், ஒரு பைசா உரிமைத் தொகை கட்டாமல். இந்த ஒரு முடிவுக்காக அந்த நிறுவனத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். 1967 இல் போலின் ஸ்வீடனில் நடந்த 28,000 விபத்துகளை ஆராய்ந்து வெளியிட்டார். மணிக்கு 96 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் நடந்தவற்றில், இந்தப் பெல்ட் போட்டிருந்த ஒருவர்கூட இறக்கவில்லை.

முதல் பெல்ட்டுகள் அசையாதவை, கையால் இறுக்க வேண்டும். பிறகுதான் சுருள் வந்தது. உங்கள் காரில் பெல்ட்டை மெதுவாக இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்ளும். தூணுக்குள் இருக்கும் அந்தச் சுருளுக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் இரும்புக் குண்டு ஒன்று இருக்கும். வண்டி திடீரென்று வேகம் குறைந்தால் குண்டு உருண்டு ஒரு நெம்பைத் தூக்கும், நெம்பு பல்சக்கரத்தில் மாட்டும், சுருள் நின்றுவிடும். கரன்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். இப்போதைய கார்களில் இதோடு, மோதிய கணத்தில் சிறு வெடிமருந்து வெடித்துப் பட்டையின் தொய்வை உள்ளே இழுக்கும் அமைப்பும் சேர்ந்திருக்கிறது. இத்தகைய பெல்ட்டுகளும் ஏர்பேக்குகளும் நம் செங்கல்பட்டுப் பக்கத்திலேயே, சிங்கப்பெருமாள் கோயிலில், ரானே குழுமத்தின் கூட்டு நிறுவனத்திலும் தயாராகியிருக்கின்றன.

ஏர்பேக் பிறந்தது இரண்டு பேரின் கைகளிலிருந்து. 1952 வசந்த காலத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஜான் ஹெட்ரிக் என்ற பொறியாளர் மனைவியோடும் சிறு மகளோடும் காரில் போய்க்கொண்டிருந்தார். சாலையில் பாறை கிடக்கிறது என்று வண்டியைத் திருப்பியதில் பள்ளத்தில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்தக் கணத்தில் அவரும் மனைவியும் நடுவில் இருந்த மகளைக் காக்கக் கையை நீட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், கைக்குப் பதிலாக வேறு ஏதாவது அங்கே வந்து நின்றால் என்ன என்று யோசித்தார். கடற்படையில் இருந்தபோது, பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு டார்பிடோவின் அழுத்தக் காற்று திடீரென்று திறந்து, மேலே போர்த்தியிருந்த கித்தான் கூரைவரை பறந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. 1953 இல் காப்புரிமை வாங்கினார். கார் கம்பெனிகள் திரும்பிப் பார்க்கவில்லை. மோதலைக் கணத்தில் கண்டுபிடிக்கும் உணர்கருவியை 1960களின் கடைசியில் ஆலன் பிரீட் செய்தார். காற்றுக்குப் பதிலாக வேதிப்பொருளை எரித்து நொடியில் நைட்ரஜன் உண்டாக்கும் முறை வந்தது. 1980களில்தான் பென்ஸ் கார்களில் ஏர்பேக் நிலைத்தது. ஹெட்ரிக்கின் காப்புரிமைக் காலம் அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது.

கண் ஒருமுறை இமைப்பதற்குள் அந்தப் பை விரிந்துவிடும். மணிக்கு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் விரியும். பெல்ட் போட்டுச் சீட்டோடு ஒட்டியிருக்கும் பெரியவருக்கு அது காவல். பெல்ட் போடாமல் முன்னால் வந்துவிட்டவருக்கு, அதைவிடவும் டாஷ்போர்டில் கை ஊன்றி நிற்கும் குழந்தைக்கு, அது நேராக முகத்தில் வந்து அறையும். 1990களில் அமெரிக்காவில் முன் சீட்டுக் குழந்தைகள் பலர் இப்படிச் சிறு மோதல்களில் இறந்தார்கள். மகளுக்காக நினைத்துச் செய்த பொருள் குழந்தைகளைக் கொன்றது என்பதை எழுதும்போது மனம் கனக்கிறது. குழந்தை பின் சீட்டில்தான் இருக்க வேண்டும் என்ற எச்சரிக்கை கார்களில் ஒட்டப்பட்டது அதன் பிறகுதான். உங்கள் காரிலும் வெயில் மறைப்புப் பலகையில் அந்தப் படம் இருக்கும்.

நம் காவிரி டெல்டாவுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் கெட்டுப்போய், விரியும்போது உலோகச் சில்லுகளைத் தெறிக்கவிட்டது. உலகிலேயே பெரிய கார் திரும்பப் பெறுதல் அதனால் நடந்தது. இந்தியாவிலும் ஹோண்டா உட்பட சில நிறுவனங்கள் கார்களைத் திரும்ப அழைத்துப் பாகத்தை மாற்றிக் கொடுத்தன. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பழைய கார் வாங்குகிறவர்கள், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று கம்பெனி ஷோரூமில் கேட்டுவிடுவது நல்லது.

குழந்தை இருக்கைக்கு வருவோம். 1930களில் அமெரிக்காவில் விற்ற குழந்தை இருக்கைகள், குழந்தை எழுந்து ஓடாமல் உட்கார வைக்கவும் ஜன்னல் வழியே வேடிக்கை காட்டவும் செய்தவை. மோதலை மனதில் வைத்துச் செய்தவர்களில் முன்னோடி ஸ்வீடன் மருத்துவர் பெர்டில் ஆல்ட்மன். விண்வெளி வீரர்கள் ராக்கெட் கிளம்பும்போது மல்லாந்து, முதுகு முழுவதும் அழுத்தத்தை வாங்கும்படி படுப்பதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது. குழந்தையைப் பின்னோக்கி உட்கார வைத்தால், முன்புறம் மோதும்போது அடி முழுவதும் முதுகிலும் தலையிலும் பரவும். 1964 இல் அவருடைய மாதிரி இருக்கை வோல்வோ காரில் சோதிக்கப்பட்டது.

ஏன் பின்னோக்கி? கைக்குழந்தையின் தலை உடம்பின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. பெரியவருக்கு ஏழில், எட்டில் ஒரு பங்கு. அந்தக் கனமான தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாகச் சேரவில்லை, பாதி குருத்தெலும்பு. முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையின் உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும்; தலையை எதுவும் பிடிக்காது. குழந்தைக்குக் கால் நீட்ட இடம் இல்லையே என்று பெற்றோர் சங்கடப்பட்டு ஒரு வயதிலேயே முன்னோக்கித் திருப்பிவிடுகிறார்கள். காலை மடக்கி உட்காருவது குழந்தைக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கழுத்துதான் முக்கியம். நாலு வயதைத் தாண்டியவர்களுக்கு உயரம் கூட்டும் இருக்கை வேறு. பெரியவர்களின் பெல்ட் அவர்கள் கழுத்தில் ஏறாமல் தோளில் விழுவதற்காக அது.

இனி மடிக்குத் திரும்பலாம், ஏனென்றால் மடியைக் குறித்து ஒரு சட்டமன்றத்தில் சண்டையே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர், குழந்தைகளைக் காரில் தனி இருக்கையில் வைக்கச் சட்டம் வேண்டும் என்று மனைவியோடு சேர்ந்து ஒவ்வொரு உறுப்பினராகப் பார்த்துப் பேசினார். 1978 ஜனவரி 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் இந்த வகையில் முதல் சட்டம் அது. ஆனால் அதில் ஒரு விலக்கைச் சேர்த்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர் கையில் வைத்திருந்தால் பரவாயில்லை. அந்த விலக்குக்கு, குழந்தையை நசுக்கும் திருத்தம் என்றே சட்டத்தை ஆதரித்தவர்கள் பெயர் வைத்தார்கள். மூன்று ஆண்டுகள் போராடி, 1981 இல் அதை நீக்க வைத்தார் சாண்டர்ஸ். மடியின் மேல் நம்பிக்கை நமக்கு மட்டும் உரியது இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்று தெரியும். பத்து கிலோ குழந்தை. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகம். வண்டியின் முன்பகுதி அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது. அந்தக் கணத்தில் குழந்தை ஏறக்குறைய இருநூறு கிலோ எடையாக முன்னால் பாயும். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் கட்டும் நாற்பது கிலோ நெல் சிப்பம் ஐந்தை ஒன்றாக, எதிர்பாராத நேரத்தில், கையால் பிடித்து நிறுத்த வேண்டும். எந்த அம்மாவாலும் முடியாது. அம்மா பெல்ட் போடவில்லையென்றால் அவர் எடையும் அதே கணக்கில் குழந்தையின் முதுகில் வந்து விழும். அம்மாவையும் குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட்டால் கட்டினாலும் இதே கதிதான். பட்டைக்கும் அம்மாவுக்கும் நடுவில் குழந்தை மாட்டிக்கொள்ளும். மெய்யாகவே குழந்தையை அணைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இருக்கையில் கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

இந்தியாவுக்குப் பெல்ட் தாமதமாகத்தான் வந்தது. 1994 மார்ச் 25 முதல் தயாராகும் கார்களின் முன் சீட்டுகளில் கட்டாயம் என்று விதி வந்தது. அதுவரை நம் அம்பாசிடரும் பத்மினியும் பெல்ட் கட்டாயம் இல்லாமலே ஓடின. பின் சீட்டுக்கும் பெல்ட் விதி பிறகு வந்தது; முன்னோக்கிய பின் சீட்டில் இருப்பவரும் போட வேண்டும் என்பது பல ஆண்டுகளாகச் சட்டம், பலருக்குத் தெரியாது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மோதிச் சோதித்தது. ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். அவற்றில் ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ இரண்டும் சென்னையைச் சுற்றிய நம் தொழிற்சாலைகளில் செய்தவை. வெளிநாட்டுக்குப் போகிற காரில் ஏர்பேக் வைக்கத் தெரிந்த தொழிற்சாலை, உள்ளூர்க்காரர் வாங்குகிற அடிப்படை மாடலில் வைக்காமல் விற்றது. அந்தச் சோதனைக்குப் பிறகுதான் பேச்சு மாறியது. 2019 ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். 2021 இல் முன் சீட்டின் மற்றவருக்கும். 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டின் சொந்த மதிப்பீடான பாரத் என்கேப். அதில் ஒன்றரை வயது, மூன்று வயது குழந்தைப் பொம்மைகளை இருக்கையில் கட்டி மோதிப் பார்த்துத் தனி நட்சத்திரம் தருகிறார்கள். கார் வாங்கும்போது பெரியவர்களின் நட்சத்திரத்தோடு அந்த இரண்டாவது எண்ணையும் கேளுங்கள்.

2019 இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பெல்ட் போடாதவருக்கு ஆயிரம் ரூபாய், பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டிலோ குழந்தை இருக்கையிலோ வைக்காமல் ஓட்டுகிறவருக்கு ஆயிரம் ரூபாய் என்று சொல்கிறது. உயர்த்திய அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. முதல் பாதி ஓரளவு நடக்கிறது. இரண்டாவது பாதிக்காக ஒரு காரை நிறுத்திக் கேட்பது அரிது. அதே 2022 செப்டம்பரில், மும்பைக்கு அருகே பால்கரில், பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது நாடே சில வாரம் பின் சீட்டைப் பற்றிப் பேசியது. மத்திய அரசின் கணக்குப்படி அந்த ஓராண்டில் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் 8,331 பேர் ஓட்டாமல் உட்கார்ந்து வந்தவர்கள்.

டெல்டாவில் பெல்ட் போடத் தயங்குகிறவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றைத் தள்ளிவிட முடியாது. சாலையெல்லாம் ஆற்றங்கரை, வாய்க்கால் கரை. மேட்டூர் அணையைத் திறந்துவிட்டால் புது ஆறு என்ற கால்வாய் விளிம்புவரை ஓடும். வண்டி தண்ணீரில் விழுந்தால் பெல்ட்டோடு மாட்டிக்கொள்வோமே என்ற பயம். ஆனால் கார் தண்ணீரைத் தொடுவதற்கு முன் பல நேரம் மதகுச் சுவரையோ கரை மரத்தையோ இடிக்கும், அல்லது தலைகீழாகப் புரளும். அந்த அடியில் நினைவு தப்பியவர் கதவைத் திறக்க முடியாது. பெல்ட் போட்டவருக்கு நினைவு இருக்க வாய்ப்பு அதிகம். பூட்டை அமுக்க ஒரு விரல் போதும், அதற்காகத்தான் போலின் அதை ஒரு கையால் கழற்றும்படி செய்தார். கார் மிதக்கும் முதல் ஒரு நிமிடத்துக்குள் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னல் கண்ணாடியை இறக்கி, குழந்தையைக் கழற்றி முதலில் வெளியே அனுப்பிவிட்டு வெளியேற வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இந்த வரிசையைச் சொல்லி வையுங்கள். தை, மாசியில் அறுவடை இயந்திரம் சாலையை அடைத்துக்கொண்டு வரும்போதும், தார் ரோட்டில் பாதிவரை நெல் காயும்போதும் திடீர் பிரேக் போடாமல் இந்தப் பக்கம் யாரும் ஓட்டியதில்லை. நீர் இல்லாத மாதத்திலும் பெல்ட்டுக்கு வேலை உண்டு.

திருச்சி விமான நிலையத்துக்கு வெளியே சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானம் வந்து இறங்கும் நேரத்தில் நின்றிருக்கிறேன். சிங்கப்பூரில் 1.35 மீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கும் குழந்தையைச் சொந்தக் காரில் தகுந்த இருக்கையில் வைக்க வேண்டும் என்பது சட்டம். மலேசியாவில் 2020 முதல் குழந்தை இருக்கை கட்டாயம். அங்கே அப்படி வளர்கிற பிள்ளை, இங்கே இறங்கியதும் ஆச்சி மடிக்குப் போய்விடுகிறது. மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் பேரளத்துக்கும் போகிற அந்தக் கார்கள் அதிகாலை இருட்டில், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஓட்டுநர்களின் கையில் நூறைத் தொட்டுக்கொண்டு போகின்றன. அந்தப் பெற்றோருக்கு இருக்கையைப் பூட்டத் தெரியும், பிள்ளைக்கு அதில் உட்காரப் பழக்கம் உண்டு. இல்லாதது இருக்கை மட்டும்தான். டிராவல்ஸ் வைத்திருப்பவர்கள் சில ஆயிரம் ரூபாய் போட்டுச் சின்னதும் பெரியதுமாக இரண்டு இருக்கை வாங்கி வைத்து, வண்டி பதிவு செய்யும்போது, குழந்தை உண்டா, எத்தனை வயது என்று கேட்கத் தொடங்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்கிற முதல் டிராவல்ஸுக்கு வாடிக்கை குறையாது.